நனவோடை கண்ட வில்லியம் ஜேம்ஸ்

உள்ளத்தைப் பாடாத கவிஞர் இலர். உவகையும் துயரும் அச்சமும் வெகுளியும் பாட்டின் பொருளாக வழங்கிவருவது மொழியின் தொன்மையோடு ஒத்த வழக்கம். ஆயினும், உள்ளம் எவ்வாறு இயங்குகிறது என்பதையே ஆய்பொருளாகக் கொண்ட உளவியல் என்னும் அறிவியல் துறை மிக இளையது. செருமனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் 1879ஆம் ஆண்டு வில்லெம் வுண்ட் நிறுவிய ஆய்வுக்கூடத்தை அதன் தொட்டில் என்பர். அமெரிக்க நாட்டில் அத்துறைக்கு வித்திட்டவர் வில்லியம் ஜேம்ஸ்.

இன்று கல்லூரியில் உளவியல் பயிலப் புகும் மாணவர் முதலாண்டில் சந்திக்கும் தலைப்புகள் சில உண்டு. பழக்கம், கவனம், நினைவு, உணர்ச்சி, தன்னுணர்வு, மனவுறுதி என்பன அவை. இவை ஒவ்வொன்றிலும் ஜேம்ஸின் சுவடு பதிந்துள்ளது. ஆனால், அவருக்கு இவை வெறும் பாடத் தலைப்புகளாக அமைந்தவை அல்ல. வாழ்வதா மாய்வதா என்று தடுமாறிய ஓர் இளைஞர், மனிதன் தன்னைத் தானே மாற்றிக்கொள்ள இயலுமா என்று எழுப்பிய வினாவிலிருந்து கிளைத்தவை. அவ்வினாவைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் வாழ்வை நோக்கும்போதுதான் அவருடைய உளவியலும் விளங்கும்.

ஊர் ஊராய்க் கழிந்த இளமை

வில்லியம் ஜேம்ஸ் 1842ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்து வந்து பெருஞ்செல்வம் ஈட்டியவர். தந்தையார் மூத்த ஹென்றி ஜேம்ஸ், பொருள் தேட வேண்டிய தேவையின்றிச் சமயத் தத்துவத்தில் தோய்ந்து வாழ்ந்தவர். இளம் பருவத்தில் நேர்ந்த தீக்காயத்தால் ஒரு காலை இழந்தவர். தம் மக்கள் ஐவருக்கும் தலைசிறந்த கல்வி அளிக்க வேண்டும் என்பது அவரது தணியாத வேட்கை. ஒரு பள்ளி மனத்துக்கு ஒவ்வாதாயின் குடும்பத்தோடு அடுத்த நாட்டுக்கே சென்றுவிடுவார். இலண்டன், பாரிஸ், பூலோன், ஜெனீவா, பான் என்று பல ஊர்களில் வில்லியமின் இளமை கழிந்தது. பிரெஞ்சும் செருமனும் அவருக்குக் கைவந்தன. ஆனால் எந்த ஊரும் சொந்த ஊராகவில்லை. எந்தப் படிப்பும் முற்றுப்பெறவுமில்லை.

வில்லியமுக்கு அடுத்துப் பிறந்த ஹென்றி ஜேம்ஸ் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியரானார். கடைசித் தங்கையான ஆலிஸ், நோயோடு போராடி 1892இல் மறைந்தார். அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு அவருக்குப் பின் இலக்கியமாகப் போற்றப்பட்டது. இடைப்பட்ட தம்பியர் இருவரும் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பின வீரர்களைக் கொண்ட படைப்பிரிவுகளில் பணியாற்றினர். அவர்களுள் ஒருவர் 1863ஆம் ஆண்டு வாக்னர் கோட்டைத் தாக்குதலில் படுகாயமுற்று வீடு திரும்பினார். போருக்குச் செல்லாத வில்லியம், காயமுற்ற தம்பியைக் கண்ணெதிரே கண்டார். செயல் என்பது பற்றிப் பிற்காலத்தில் அவர் காட்டிய தீராத ஈடுபாட்டைக் கருதும்போது இந்நிகழ்ச்சியை மறத்தல் இயலாது.

தூரிகையும் மருத்துவமும்

வில்லியம் முதலில் நாடியது ஓவியத்தை. தந்தைக்கு அதில் விருப்பமில்லை. எனினும் 1860ஆம் ஆண்டு நியூபோர்ட் நகரில் வில்லியம் மாரிஸ் ஹன்ட் என்னும் ஓவியரிடம் மாணவராக அமர்ந்தார். ஓராண்டு நிறைவதற்குள் தாம் முதல்தர ஓவியராக இயலாது என்று தெளிந்து தூரிகையைக் கீழே வைத்தார். ஆனால் ஓவியரின் கண் அவரை விட்டு நீங்கவில்லை. உள்ளத்தின் மங்கிய நிறங்களையும் விளிம்புகளையும் அவர் கண்டு எழுதியது அந்தக் கண் கொண்டே எனலாம்.

1861இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வேதியியல் பயின்றார், பின் உடற்கூற்றியல், 1864இல் மருத்துவம். இடையில் 1865ஆம் ஆண்டு இயற்கை அறிஞர் லூயி அகாசிஸ் தலைமையில் அமேசான் ஆற்றுப் பகுதிக்குச் சென்ற ஆய்வுக் குழுவில் கலந்துகொண்டார். அங்கு அம்மை வகை நோய் ஒன்று தாக்கிக் கண்ணும் நலிந்தது. மீன்களைப் பிடித்து வகைப்படுத்தும் பணி தமக்கு உரியதன்று என்பதையும் அப்பயணம் உணர்த்தியது. முதுகுவலியும் மனச்சோர்வும் வாட்டவே, 1867இல் செருமனிக்குச் சென்று வெந்நீர் ஊற்றுகளில் மருத்துவம் செய்துகொண்டார். உடலியங்கியலுக்கும் தத்துவத்துக்கும் இடையே ஒரு புதிய அறிவியல் முளைவிடுவதை அந்நாட்டில்தான் அவர் கண்டுகொண்டார். 1869இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆனால் ஒருநாளும் மருத்துவத் தொழில் புரிந்தாரல்லர்.

இருள் சூழ்ந்த காலம்

இருபத்தேழு வயதில் பட்டம் கையிலிருந்தும் தொழில் இல்லை, உடல்நலம் இல்லை, நம்பிக்கையும் இல்லை. அக்கால அறிவியல் அவருக்குக் கற்பித்தது, மனிதன் நரம்புகளால் இயங்கும் பொறி என்பதே. அவன் எண்ணுவதும் செய்வதும் முன்னரே வகுக்கப்பட்டவை எனின், நோயுற்றவன் மீள்வதும் மீளாததும் அவன் கையில் இல்லை. ஏட்டிலிருந்த இக்கொள்கை அவருடைய உயிரையே தொட்டது. தற்கொலை எண்ணம் அவரை நெருங்கி நின்றதை அவருடைய கடிதங்கள் காட்டும். 1870ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அவர் பேரன்பு கொண்டிருந்த சிற்றுறவினர் மின்னி டெம்பிள், காசநோயால் இருபத்து நான்கே வயதில் மறைந்தார்.

இக்காலத்தில் ஒரு மாலைப்பொழுதில் அவரைப் பேரச்சம் ஒன்று பற்றியது. முன்பு மனநோய் விடுதியில் தாம் கண்ட ஓர் இளைஞனின் உருவம் மனக்கண்முன் தோன்றியது. அசைவற்று, சொல்லற்று, கால்களை மடித்து அமர்ந்திருந்த அவனுக்கும் தமக்கும் வேறுபாடு ஒரு நூலிழையே என்ற உணர்வு அவரை நடுங்க வைத்தது. பல ஆண்டுகள் கழித்து, சமய அனுபவங்களைப் பற்றி எழுதிய நூலில் இந்நிகழ்ச்சியை ஒரு பிரெஞ்சுக்காரரின் அனுபவம் போல மறைத்து எழுதினார். அது தம் அனுபவமே என்பதைப் பின்னர் ஒப்புக்கொண்டார்.

திருப்பம் 1870ஆம் ஆண்டு ஏப்பிரல் இறுதியில் நேர்ந்தது. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் சார்ல் ரெனூவியேயின் கட்டுரைகளை அவர் படித்துக்கொண்டிருந்தார். வேறு எண்ணங்கள் வந்து மோதும்போதும், ஓர் எண்ணத்தைத் தேர்ந்து அதனையே பற்றி நிற்க மனிதனால் இயலும். விடுதலையுள்ள விருப்பம் என்பது அதுவே என்று அவ்வறிஞர் வரையறுத்திருந்தார். அதனை மாயை என்று கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை என்று ஜேம்ஸ் நாட்குறிப்பில் எழுதினார். தம் விருப்பத்தால் தாம் செய்யும் முதற்செயல், அவ்விருப்பத்தை நம்புவதே ஆகும் என்றும் முடிவு செய்தார். இது மெய்ப்பிக்கப்பட்ட முடிவன்று. ஓராண்டுக்கு நம்பிப் பார்ப்போம் என்று அவர் மேற்கொண்ட சோதனை. நோய் உடனே நீங்கவுமில்லை. சோர்வு வாழ்நாள் முழுதும் வந்து வந்து போயிற்று. ஆயினும் அந்நாள் முதல் அவர் நிற்பதற்கு ஓரடி நிலம் கிடைத்தது.

பன்னிரண்டு ஆண்டு உழைப்பு

1872ஆம் ஆண்டு ஹார்வர்டு அவருக்கு உடலியங்கியல் கற்பிக்கும் பணியை அளித்தது. 1875இல் உடலியங்கியலுக்கும் உளவியலுக்கும் உள்ள உறவைப் பற்றிய வகுப்பைத் தொடங்கினார். அமெரிக்காவில் புதிய உளவியல் கற்பிக்கப்பட்டது அதுவே முதல் முறை என்பர். தாம் கேட்ட முதல் உளவியல் விரிவுரை தாம் நிகழ்த்தியதே என்று அவர் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு.

1878இல் ஆலிஸ் கிப்பென்ஸ் என்னும் ஆசிரியையை மணந்தார். அதே ஆண்டு ஹென்றி ஹோல்ட் பதிப்பகத்துக்கு உளவியல் பாடநூல் ஒன்று எழுதித்தர ஒப்புக்கொண்டார். இரண்டு ஆண்டுகளில் முடிப்பதாகச் சொன்ன நூலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. கண்நோவு எழுதவிடவில்லை. 1885இல் ஹெர்மன் என்னும் குழந்தை ஒன்றரை வயதில் கக்குவான் இருமலுக்குப் பலியாயிற்று. இத்தகைய துன்பங்களுக்கிடையே வளர்ந்த ‘உளவியலின் கொள்கைகள்’ என்னும் நூல் 1890இல் இரு தொகுதிகளாக, ஏறத்தாழ 1,400 பக்கங்களில், 28 இயல்களுடன் வெளிவந்தது. எழுதி முடித்த களைப்பில், உளவியல் என்னும் அறிவியலே இல்லை என்பதையும் தாம் திறமையற்றவர் என்பதையும் மட்டுமே இந்நூல் மெய்ப்பிக்கும் என்று பதிப்பாளருக்கு எழுதினார். உலகம் அவ்வாறு கருதவில்லை. 1892இல் வெளிவந்த அதன் சுருக்கப் பதிப்பு பல்லாண்டுகள் கல்லூரிப் பாடநூலாயிற்று. பெருநூலை ‘ஜேம்ஸ்’ என்றும் சுருக்கத்தை ‘ஜிம்மி’ என்றும் மாணவர் செல்லமாக அழைத்தனர்.

பழக்கமும் மனவுறுதியும்

அந்நூலின் புகழ்பெற்ற இயல்களுள் ஒன்று பழக்கம் பற்றியது. மடித்த துணி மடித்த வழியே மடிவதுபோல, ஒருமுறை சென்ற வழியே மறுமுறை செல்லுதல் நரம்புகளுக்கு எளிதாகின்றது என்றார் ஜேம்ஸ். பழக்கம் உடலில் எழுதப்படுகிறது. ஆதலின் நரம்பு மண்டலத்தைப் பகையாக்காமல் நட்பாக்கிக்கொள்வதே கல்வி என்பது அவர் துணிபு. புதிய பழக்கத்தை முழு ஊக்கத்துடன் தொடங்குக. அது வேர்கொள்ளும்வரை ஒருமுறையும் விலக்கு அளியற்க. செய்ய நினைத்ததை முதல் வாய்ப்பிலேயே செய்க. விரும்பாத சிறுசெயல் ஒன்றையேனும் நாள்தோறும் செய்து முயற்சியைக் கூர்மழுங்காது காக்க என்பன அவர் வகுத்த நெறிகள். சோம்பலாலும் சோர்வாலும் பல ஆண்டுகளை இழந்த ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட மருந்து இது.

இவ்வியலில் கலைஞர் கருத்தில் கொள்ளத்தக்க எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நாடக மேடையில் நிகழும் கற்பனைத் துயருக்காகக் கண்ணீர் வடிக்கும் சீமாட்டியையும், அதே வேளையில் வெளியே பனியில் விறைத்துக் காத்திருக்கும் அவளுடைய வண்டியோட்டியையும் அவர் அருகருகே காட்டுகிறார். செயலாகாத உணர்ச்சி உள்ளத்தை வளர்ப்பதில்லை. உணர்ந்துவிட்டு வாளாவிருக்கும் பழக்கத்தையே வளர்க்கும். ஆதலின், நல்லிசை கேட்டு உருகியவர் ஒரு முதியவரிடம் அன்பாகப் பேசுதல் போன்ற சிறுசெயலையேனும் உடனே செய்ய வேண்டும் என்றார்.

மனவுறுதி பற்றிய அவர் விளக்கமும் எளியது. குளிர்காலக் காலையில் படுக்கையை விட்டு எழும் ஒருவரை அவர் எடுத்துக்காட்டுவார். எழவேண்டும் என்று போராடும்வரை எழ இயல்வதில்லை. குளிரைப் பற்றிய எண்ணம் ஒரு கணம் மறைந்து, அன்றைய கடமை பற்றிய எண்ணம் மனத்தை நிறைக்கும்போது, உடல் தானாகவே எழுந்துவிடுகிறது. ஆகவே உறுதி என்பது தசையின் வலிமையன்று. கவனத்தை ஒன்றன்மேல் நிறுத்தும் ஆற்றலே. உலகம் எண்ணற்ற பொருள்களை நம் முன் வைக்கிறது. நாம் கவனிக்க இசைந்தவை மட்டுமே நம் அனுபவமாகின்றன. 1870இல் ரெனூவியேயிடம் கண்டெடுத்த கருத்து இருபது ஆண்டுகளுக்குப் பின் உளவியல் கோட்பாடாக விளைந்த இடம் இது.

நனவோடை

இலக்கிய உலகம் ஜேம்ஸுக்குப் பெரிதும் கடன்பட்டிருப்பது நனவோடை என்னும் கருத்துக்காக. அவருக்கு முற்பட்டோர் சிலரும் நனவை ஓட்டத்தோடு ஒப்பிட்டதுண்டு. எனினும், அதனை விரித்துரைத்து நிலைநாட்டியவர் அவரே. அக்கால உளவியலார் பலர் மனத்தைத் தனித்தனி எண்ணங்கள் கோத்த சங்கிலியாகக் கருதினர். ஜேம்ஸ் அதனை மறுத்தார். நனவில் இணைப்புக் கண்ணிகள் இல்லை. அது ஆறுபோல ஓடுகின்றது. எண்ணம் ஒவ்வொன்றும் ஒருவருக்கு உரியது; இடையறாது மாறுவது; தொடர்ந்து ஓடுவது; தனக்கு அப்பாற்பட்ட பொருள்களை நோக்குவது; சிலவற்றைத் தேர்ந்து சிலவற்றை விலக்குவது என ஐந்து இயல்புகளை வகுத்தார்.

பறவையின் வாழ்வு பறத்தலும் கிளையில் அமர்தலுமாக அமைவதுபோல, எண்ணமும் சில இடங்களில் தங்கும். சில இடங்களில் விரைந்து கடக்கும். தங்குமிடங்களுக்குப் பெயர் உண்டு. கடக்குமிடங்களுக்குப் பெயர் இல்லை. பெயரில்லாமையால் அவற்றை இல்லையென்று கொண்டது உளவியலாரின் பிழை. மறந்த பெயர் ஒன்றை நினைவுகூர முயலும்போது மனத்தில் ஓர் இடைவெளி தோன்றுகிறது. அது வெறும் இன்மையன்று. தவறான பெயர் வந்தால் உடனே விலக்கவல்லது. ‘உம்’ என்பதற்கும் ‘ஆனால்’ என்பதற்கும் ‘எனின்’ என்பதற்கும் ஒத்த ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் உரிய உணர்வு உண்டு என்றும், நீலத்தை உணர்கிறோம் என்று கூறும் நாம் இவற்றையும் உணர்கிறோம் என்று கூறத் தயங்கலாகாது என்றும் அவர் எழுதினார். இடைச்சொல்லுக்கெனத் தனி இயல் வகுத்த தொல்காப்பியத்தின் வழிவந்த தமிழ் மாணவர்க்கு இக்கருத்து வியப்பளிக்காது. தனித்து நில்லாத ஓர் ஏகாரமும் ஓகாரமும் பாட்டின் உணர்வையே மாற்றிவிடும் என்பதைத் தமிழ்க் கவிஞர் நன்கறிவர்.

1918ஆம் ஆண்டு மே சின்கிளேர் என்னும் ஆங்கில எழுத்தாளர், டாரதி ரிச்சர்ட்சனின் நாவல்களைப் பற்றி எழுதுகையில் நனவோடை என்னும் தொடரை எடுத்தாண்டார். அதன்பின் ஜேம்ஸ் ஜாய்ஸ், வர்ஜீனியா உல்ஃப் முதலியோரின் படைப்புகளால் அஃது ஓர் இலக்கிய உத்தியின் பெயராகவே நிலைத்தது. லா.ச.ராமாமிருதம் போன்றோரின் கதைகளை ஆயும்போது தமிழ்த் திறனாய்வாளரும் கையாளும் அச்சொல்லின் ஊற்றுக்கண் ஓர் உளவியல் பாடநூலில் இருக்கிறது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

உணர்ச்சி, நினைவு, தன்மதிப்பு

1884ஆம் ஆண்டு ‘மைண்டு’ என்னும் இதழில் உணர்ச்சி பற்றி ஜேம்ஸ் எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. துயருறுவதால் அழுகிறோம், அஞ்சுவதால் ஓடுகிறோம் என்பது பொது வழக்கு. அவரோ, அழும்போது உடலில் எழும் மாற்றங்களை உணர்வதே துயரம். நடுங்கும்போது அந்நடுக்கத்தை உணர்வதே அச்சம் என்றார். உடலின் துடிப்பும் வியர்ப்பும் நீங்கினால் எஞ்சுவது உணர்ச்சியன்று, உணர்ச்சியற்ற அறிவே. டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் லாங்கே 1885இல் தனியே இதனையொத்த முடிவுக்கு வந்தமையால் இது ஜேம்ஸ்–லாங்கே கோட்பாடு எனப்படுகிறது. உள்ளத்து நிகழ்வு உடலில் தோன்றுதலை மெய்ப்பாடு என்றனர் தமிழ் இலக்கணத்தார். இரண்டும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. ஒன்று உள்ளத்திலிருந்து மெய்யை நோக்குகிறது, மற்றொன்று மெய்யிலிருந்து உள்ளத்தை நோக்குகிறது. எனினும், மெய்யை விலக்கி உணர்ச்சியைப் பேச இயலாது என்பதில் இருவரும் உடன்படுவர்.

ஹார்வர்டின் உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன் 1927இல் இக்கோட்பாட்டை வன்மையாக மறுத்தார். வெவ்வேறு உணர்ச்சிகளிலும் உள்ளுறுப்புகளின் மாற்றம் ஒன்றாகவே உள்ளது. அம்மாற்றம் உணர்ச்சியின் விரைவுக்கு ஈடுகொடுக்காது மெல்ல எழுகிறது என்பன அவர் காட்டிய தடைகள். ஜேம்ஸ் கூறியவாறே முழுவதையும் இன்று ஏற்பார் இலர். உணர்ச்சியில் உடலுக்குப் பங்கில்லை என்பாரும் இலர்.

நினைவாற்றலைப் பயிற்சியால் வளர்க்க இயலுமா என்பதைத் தம்மையே கருவியாகக் கொண்டு அவர் ஆய்ந்தது சுவையானது. விக்டர் ஹ்யூகோவின் நெடும்பாட்டு ஒன்றிலிருந்து 158 அடிகளை எட்டு நாள்களில் மனனம் செய்தார்; ஏறத்தாழ 132 நிமிடங்கள் ஆயின. பின்பு நாள்தோறும் இருபது நிமிட அளவில் முயன்று, மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ காப்பியத்தின் முதற்பகுதி முழுவதையும் 38 நாள்களில் கற்றார். மீண்டும் ஹ்யூகோவின் பாட்டில் வேறு 158 அடிகளை எடுத்துக்கொண்டார். இம்முறை 151½ நிமிடங்கள் தேவைப்பட்டன. அப்போது வேறு பணிகளால் களைத்திருந்ததையும் அவர் மறைக்கவில்லை. ஒன்றை மனனம் செய்வதால் பிறவற்றை நினைவில் வைக்கும் இயல்பான ஆற்றல் பெருகுவதில்லை. செய்திகளை ஒன்றோடொன்று பிணைத்துச் சிந்திக்கும் முறையே நினைவைச் செம்மைப்படுத்தும் என்பது அவர் கண்ட முடிவு.

தன்மதிப்பு என்பதை ஒரு பின்னமாக அவர் வகுத்துக் காட்டினார். மேலே பெற்ற வெற்றி. கீழே கொண்ட ஆசை. வெற்றியைப் பெருக்கியும் தன்மதிப்பை உயர்த்தலாம். ஆசையைக் குறைத்தும் உயர்த்தலாம். உளவியலில் தம்மினும் வல்லார் உளர் என்பது தம்மை வாட்டும். கிரேக்க மொழி அறியாமை தமக்குச் சிறிதும் நாணம் தராது என்று தம்மையே இதற்குச் சான்றாக்கினார்.

ஆசிரியரும் மாணவரும்

கறுப்பின மக்களின் உரிமைக்குரலாக விளங்கிய டு பாய்ஸும், புதுமை எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனும் ஜேம்ஸிடம் பயின்றவர்கள். ஆனால் அவருடைய மாணவர் வரலாற்றில் சிறப்பாகக் கருதத்தக்கவர் மேரி விட்டன் கால்கின்ஸ். வெல்ஸ்லி மகளிர் கல்லூரியில் பணியாற்றிய கால்கின்ஸ், 1890இல் ஹார்வர்டில் உளவியல் பயில விழைந்தார். பெண்களை மாணவராக ஏற்காத பல்கலைக்கழகம், பல வேண்டுகோள்களுக்குப் பின், பதிவு பெறாத விருந்தினராக அமர மட்டும் இசைந்தது. வகுப்பிலிருந்த ஆடவர் சிலரும் விலகிவிட, நூலக அறையின் கணப்பருகே ஜேம்ஸும் கால்கின்ஸும் எதிரெதிரே அமர்ந்து, அப்போதுதான் வெளிவந்திருந்த பெருநூலைப் பயின்றனர். 1895இல் முனைவர் பட்டத்துக்குரிய தேர்வில் கால்கின்ஸ் சிறந்து விளங்கினார். ஜேம்ஸ் உள்ளிட்ட ஆசிரியர்கள் பரிந்துரைத்தும் ஹார்வர்டு பட்டம் வழங்க மறுத்தது. 1902இல் அதற்கு மாற்றாக ராட்கிளிஃப் மகளிர் கல்லூரியின் பட்டம் அளிக்க முன்வந்தபோது, தாம் பயின்றது ஹார்வர்டில் என்பதால் கால்கின்ஸ் அதனை ஏற்க மறுத்தார். 1905இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் முதற்பெண் தலைவரானார். அதற்கு முன்னாண்டு அப்பதவியை இரண்டாம் முறையாக வகித்தவர் அவருடைய ஆசிரியரே. ஆசிரியர் திறந்த கதவைப் பல்கலைக்கழகம் மூடிற்று. நிறுவனங்களுக்கும் பழக்கம் உண்டு என்பதையும், அது தனிமனிதரின் பழக்கத்தினும் இறுகியது என்பதையும் இந்நிகழ்ச்சி காட்டும்.

இறுதி ஆண்டுகள்

1898இல் அடிரோண்டாக் மலையேற்றத்தின்போது ஜேம்ஸின் இதயம் நலிவுற்றது. ஆயினும் எடின்பரோவில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் 1902இல் ‘சமய அனுபவத்தின் வகைகள்’ என்னும் நூலாயின. அமெரிக்காவில் தாம் சந்தித்துப் பழகிய சுவாமி விவேகானந்தரின் கருத்துகளை அந்நூலில் அவர் எடுத்தாண்டுள்ளார். ஆவியுலகத் தொடர்பு கொண்டோர் எனப்பட்டவர்களை ஆராய்வதில் அவர் காட்டிய ஆர்வத்தை உடன் பணியாற்றிய அறிவியலார் பலர் குறைகூறினர். விலக்கப்பட்டது என்பதற்காகவே ஒன்றை ஆராயாது விடுதல் அவர் இயல்பன்று.

1906ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரைப் பெருநிலநடுக்கம் அழித்தபோது அவர் அருகிலிருந்த ஸ்டான்ஃபோர்டில் தங்கியிருந்தார். கட்டிடம் ஆடிய பொழுதில் தம்முள் எழுந்தது அச்சமன்று, வியப்பு கலந்த களிப்பு என்பதை அவர் கவனித்தார். அன்றே நகருக்குச் சென்று, அனைத்தையும் இழந்த மக்கள் அமைதியோடு ஒழுங்கை மீட்டமைப்பதைக் கண்டு எழுதினார். 1907இல் பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஒரு கருத்தின் மெய்ம்மையை வாழ்வில் அது விளைக்கும் பயனால் அளக்கும் பயன்வழிக் கொள்கையைப் பற்றிய அவர் நூல் அவ்வாண்டு வெளிவந்தது. இக்கொள்கையின் முதற்சோதனை, முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாட்குறிப்பில் நிகழ்ந்தது.

1909இல் கிளார்க் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்த சிக்மண்ட் ஃபிராய்டைச் சந்தித்தார். இருவரும் நடந்து செல்கையில் ஜேம்ஸுக்கு நெஞ்சுவலி கண்டது. கைப்பையை ஃபிராய்டிடம் கொடுத்து, முன்னே நடக்குமாறும் வலி தணிந்ததும் வந்து சேர்வதாகவும் கூறினார். சாவின்முன் அவர் காட்டிய அந்த அமைதி தமக்கும் வாய்க்க வேண்டும் என்று ஃபிராய்டு பின்னாளில் எழுதினார். 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துச் சொகோருவா என்னும் ஊரிலிருந்த தம் இல்லத்தில், மனைவியின் அணைப்பில் வில்லியம் ஜேம்ஸ் உயிர்நீத்தார். அகவை அறுபத்தெட்டு.

அவர் மறைந்த மூன்றாம் ஆண்டில் நடத்தையியல் தலையெடுத்து, அகத்தை நோக்கும் உளவியலைப் பல ஆண்டுகள் ஒதுக்கிவைத்தது. ஆயினும் பழக்கமும் கவனமும் உணர்ச்சியும் மீண்டும் ஆய்வரங்குக்கு வந்தபோது, அவற்றோடு அவர் பெயரும் வந்தது. மனிதன் பொறியா, தன் விருப்பால் இயங்குபவனா என்ற வினாவுக்கு அவர் விடை காணவில்லை. அறிவியலால் அதற்கு விடை கூற இயலாது என்றே கருதினார். விடை தெரியாத நிலையிலும் ஒரு பக்கத்தைத் தேர்ந்து நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து காட்டினார். பெயரில்லா உணர்வுகளுக்குச் சொல் தேடும் கவிஞர்க்கு அவர் நூலில் இரு செய்திகள் உள்ளன. சொற்களுக்கு இடையே ஓடுவதையும் உணர்வென்று மதித்தல் ஒன்று. பாட்டைக் கேட்டு உருகி எழும்போது, வாயிலில் பனியில் நிற்கும் வண்டியோட்டியை மறவாதிருத்தல் மற்றொன்று.